செடி வைத்த மீன் தொட்டி: எது கெட்டால் எங்கே பார்ப்பது

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பது வீடுகளில் மீன் தொட்டி இருக்கிறது. அவற்றில் ஏழு, என் வீட்டுத் தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவை. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக, எந்தத் தொட்டியில் எது நடந்தாலும் விடியற்காலையில் என் கைபேசிக்குப் படம் வந்துவிடுகிறது. கேள்விகள் மாறுவதில்லை, விடைகளும் மாறுவதில்லை. எழுதி வைத்துவிட்டால் எனக்குத் தூக்கமாவது மிஞ்சும்.

இது சென்னை வீடுகளில் வழக்கமாக இருக்கும் தொட்டிக்கானது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். உள்ளே மணல், நாலைந்து வகைச் செடிகள், டெட்ரா, ரஸ்போரா, கப்பி போன்ற விரல் நீளம்கூட வராத மீன்கள். விளிம்பு வரை நிரப்பினால் கணக்குப்படி 56 லிட்டர். மணலும் கல்லும் இடம் பிடிப்பதால் உண்மையில் நிற்பது 45 லிட்டர்தான். மருந்தோ உரமோ எதை ஊற்றினாலும் 45-க்குக் கணக்குப் போடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை நான்கு: வெப்பமானி, மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் சோதனைத் திரவம், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர், சோப்பு படாத தனி வாளி. சோதனைத் திரவத்தின் விலையைக் கேட்டதும் "மீனே அவ்வளவு விலை இல்லையே" என்பார்கள். இல்லைதான். ஆனால் அது இல்லாமல் மருந்து வாங்கிக் கொட்டிய பணம் அதைவிடப் பெரியது என்பதை ஏழு வீட்டுக் கணக்கிலும் பார்த்திருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

கடந்த 7 நாட்களில் என்ன மாறியது என்று கேளுங்கள். "ஒன்றும் மாறவில்லை" என்பதுதான் எல்லோருடைய முதல் பதில். அதை நம்பாமல் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஃபில்டரைக் கழுவினீர்களா? குழாய்த் தண்ணீரிலா? புது மீன் வந்ததா? ஊருக்குப் போனபோது யார் தீனி போட்டார்கள்? மின்சாரம் எவ்வளவு நேரம் போனது? சம்ப் சுத்தம் செய்தார்களா? கொசு மருந்து அடித்தார்களா? வீட்டில் பெயின்ட் அடித்தார்களா? பாதிச் சிக்கல்களுக்கு இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடும்.

அடுத்தது வெப்பநிலை, அம்மோனியா, நைட்ரைட். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். "கொஞ்சம்தான் இருக்கிறது" என்ற பேச்சே கிடையாது. இந்த மூன்றையும் பார்க்கும்வரை எந்த மருந்துப் புட்டியையும் திறக்காதீர்கள்.

## அறிகுறி: மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

முதலில் ஒரு பொய் எச்சரிக்கையைக் கழித்துவிடுவோம். கௌராமியும் ஃபைட்டரும் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போவது அவற்றின் இயல்பு. தொட்டியில் உள்ள எல்லா மீன்களும் வரிசையாக மேலே நின்றால்தான் சிக்கல்.

காரணம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். ஏர் பம்ப்பைப் போடுங்கள். அது இல்லையென்றால் ஃபில்டரின் வாயை மேல்மட்டத்துக்கு உயர்த்தி, தண்ணீர் சலசலவென்று விழும்படி வையுங்கள். பிறகு கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எந்த நேரத்தில்?

### விடியற்காலையில் மட்டும். விளக்கு போட்டபின் சரியாகிவிடுகிறது

இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கின்றன. செடி அடர்ந்த தொட்டியில் விடியும் நேரம்தான் மோசமான நேரம். இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும். மேல்மட்டத்தை ஆகாயத்தாமரைக் குட்டியோ சால்வினியாவோ மூடியிருந்தால் பாதியை அள்ளி எறியுங்கள். எண்ணெய்ப் படலம் தெரிந்தால் ஒரு செய்தித்தாளை மேலே விரித்து எடுத்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். செடி வளர, சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த புட்டியிலிருந்து கரியமில வாயு விடுபவர்கள் கவனிக்க வேண்டும். அது இரவிலும் நிற்காமல் வாயுவைத் தள்ளும். இரவில் குழாயைத் தொட்டிக்கு வெளியே எடுத்துவிடுங்கள். முனையைக் கிள்ளி மூடிவிட்டால் புட்டி வெடிக்கும்.

### பிற்பகலிலோ மாலையிலோ, விளக்கு எரிந்து பல மணி நேரம் ஆனபின்

கரியமில வாயு அதிகமாகிவிட்டது. அதை உடனே நிறுத்தி, காற்றை விட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மறுநாள் குமிழி எண்ணிக்கையைக் குறைத்துத் தொடங்குங்கள். தொட்டிச் சுவரில் ஒட்டும் நிறங்காட்டிக் குமிழில் பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மிகை. ஆனால் அது ஒன்றிரண்டு மணி நேரம் பின்தங்கித்தான் நிறம் மாறும். மஞ்சளானபின் ஓடி வருவதைவிட மீனைப் பார்ப்பது நல்லது. விளக்கு அணைவதற்கு 1 மணி நேரம் முன்பே வாயு நிற்கும்படி டைமரை வையுங்கள். சிட்ரிக் அமிலமும் சோடா உப்பும் போடும் புட்டிகளில் ஊசி வால்வு சில மாதங்களில் தளர்ந்து, திருகாமலேயே குமிழி கூடும். வால்வை மாற்றுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால்தான் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்கும் பேச்சு.

### தண்ணீர் மாற்றிய சில நிமிடங்களில் அல்லது சில மணி நேரத்தில்

குளோரின். குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர் இரண்டிலும் அது நாளுக்கு நாள் மாறும். வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்தாலே பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால், தையோசல்பேட் கலந்து ஆன்டி குளோரின் என்ற பெயரில் கடைகளில் விற்பதை, புட்டியில் சொன்ன அளவில் வாளியிலேயே கலந்துவிட்டு ஊற்றுங்கள். மீன் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்தால் அதே அளவைத் தொட்டியிலேயே விடலாம்.

எங்கள் குடியிருப்பில் ஒரே காலையில் மூன்று வீடுகளிலிருந்து படம் வந்த நாள் ஒன்று உண்டு. மூவருமே முந்தைய மாலை தண்ணீர் மாற்றியிருந்தார்கள். மூவருமே "எப்போதும் இதே குழாயில்தான் பிடிக்கிறோம்" என்றார்கள். தண்ணீர் மாற்றிய அந்த நாளின் காலையில்தான் மேல்நிலைத் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். அறிவிப்பு மின்தூக்கிக்குள் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து, தொட்டி கழுவும் நாளுக்கு அடுத்த 3 நாட்கள் யாரும் மீன் தண்ணீரைத் தொடக் கூடாது என்பது எங்கள் கட்டடத்தின் எழுதப்படாத சட்டம்.

### மின்வெட்டு முடிந்து ஃபில்டர் ஓடத் தொடங்கியபின்

தண்ணீர் ஓடாத ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியா சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் தண்ணீரை ஃபில்டர் அப்படியே தொட்டிக்குள் துப்பும். தொட்டிக்குள்ளேயே நிற்கும் திறந்த ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு இந்தத் தொல்லை குறைவு. மூடிய கேனிஸ்டர் வகையில் 2, 3 மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், ஓடவிடுவதற்கு முன் உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை அலசி மாட்டுங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதியென்றால் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று போதும். இன்வெர்ட்டரில் தொட்டியை முழுவதுமாக இணைக்க வேண்டியதில்லை.

### ஏப்ரல், மே மாதங்களில் நாள் முழுக்க

வெப்பமானியைப் பாருங்கள். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். அதே நேரத்தில் சூட்டில் மீனுக்குத் தேவை கூடுகிறது. நியான் டெட்ரா 26 டிகிரிக்குள் சுகமாக இருக்கும் மீன். நம் மே மாதத்தில் மூடியும் விளக்கும் உள்ள தொட்டி 32-ஐத் தொடும்.

மூடியைத் திறந்து, மீன் துள்ளாமலிருக்க வலை போடுங்கள். விளக்கை மாலை, இரவு நேரத்துக்கு மாற்றுங்கள். மேல்மட்டத்தில் காற்று படும்படி ஒரு சிறு மின்விசிறியை வையுங்கள். புழுக்கம் குறைந்த நாளில் அது 2, 3 டிகிரி இறக்கும். கடற்கரைப் பக்கம் புழுக்கமான நாளில் அவ்வளவு வராது. ஆவியாகிப் போகும் தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்டுங்கள், போர்வெல் தண்ணீரால் அல்ல. ஏன் என்பது கீழே வருகிறது. 1 லிட்டர் ஐஸ் புட்டியை மிதக்கவிட்டால் இந்த அளவுத் தொட்டி ஏறத்தாழ 2 டிகிரி இறங்கும். அவசரத்துக்குச் செய்யலாம், தினமும் செய்தால் ஏற்ற இறக்கமே மீனைக் கொல்லும். சில்லர் என்பது தொட்டி, செடி, மீன் எல்லாவற்றின் விலையையும் தாண்டிய செலவு. அதற்குப் பதில் சூடு தாங்கும் கார்டினல் டெட்ராவுக்கு மாறிவிடுங்கள் என்பேன்.

### மாலைப் பொழுதில் திடீரென்று. மீன் சுழல்கிறது, துடிக்கிறது, இறால்கள் முதலில் விழுகின்றன

கொசு மருந்து. வீட்டில் செருகி வைக்கும் திரவம், தெளிப்பான், தெருவில் வரும் புகை ஆகியவற்றில் வழக்கமாக இருப்பவை பைரித்ராய்டு வகை மருந்துகள். மனிதருக்குச் சாதாரணமாக இருக்கும் அளவும் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுவது ஏர் பம்ப்தான் என்பதால், இந்த ஓரிடத்தில் மட்டும் முதலில் அதை நிறுத்த வேண்டும். பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் கரித்தூள் பை ஒன்றைச் செருகுங்கள். காற்று தெளிந்தபின் ஏர் பம்ப்பைப் போடலாம். இனிமேல் புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, தொட்டியின் மேல் ஈரத்துண்டைப் போர்த்தி, பம்ப்பை அரை மணி நேரம் அணைத்து வையுங்கள். கரப்பான் பூச்சிக்கு மருந்தடிக்க ஆள் வருகிறார் என்றாலும் இதே ஏற்பாடுதான்.

### எல்லா நேரமும்

அம்மோனியா அல்லது நைட்ரைட். புதுத் தொட்டிக்கு நல்ல பாக்டீரியா சேர 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் மீனைக் கொட்டியிருப்பீர்கள். பழைய தொட்டியென்றால் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவியிருப்பீர்கள், அல்லது தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு டப்பா தீனியைப் போட்டிருக்கும்.

தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். 2 நாள் தீனி நிறுத்துங்கள். ஆரோக்கியமான மீன் எதுவும் அதற்காகச் சாகாது. நைட்ரைட் மட்டும் ஏறியிருந்தால் 10 லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில் கல் உப்பைக் கரைத்து விடுங்கள். அந்த அளவே செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும், செடிக்கும் தீங்கில்லை. தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால் அவருடைய அழுக்குப் பஞ்சில் பாதியை வாங்கி வந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். கடையில் விற்கும் எந்தப் புட்டியையும்விட அந்த அழுக்கு மேல். போர்வெல் தண்ணீர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீரின் அமில, கார அளவைக் காட்டும் பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால் அதே அம்மோனியா அளவின் நச்சு ஏறத்தாழ 10 மடங்காகிறது.

## அறிகுறி: தண்ணீர் கலங்கியிருக்கிறது

பால் கலந்தது போல், புதுத் தொட்டியில்: கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். பாக்டீரியா பெருகும் கட்டம்; ஒரு வாரத்தில் தானே தெளியும். முழுத் தண்ணீரையும் மாற்றினால் மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கும். பழைய தொட்டியில் இப்படியானால் தீனி மிகை, அல்லது செடி மறைவில் ஏதோ செத்துக் கிடக்கிறது. தேடுங்கள்.

தேநீர் நிறம்: புது மரக்கட்டையின் சாயம். மீனுக்கு நல்லதே. உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் கட்டையை ஒரு வாரம் வாளியில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பச்சை: ஜன்னல் வெயில் அல்லது நீண்ட நேர விளக்கு. தண்ணீர் மாற்றிப் பயனில்லை, இரண்டு நாளில் திரும்பி வரும். 4 நாட்கள் தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டாக்குங்கள், காற்று மட்டும் ஓடட்டும். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மூன்று முறை செய்தும் திரும்பினால் யு.வி. விளக்கு உள்ள ஃபில்டர். செலவுதான், ஆனால் உறுதியாகத் தெளியும்.

## அறிகுறி: மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன

### புது மீன் ஓரிரு நாளில் சாகிறது, பழைய மீன்கள் நன்றாக இருக்கின்றன

இந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் டி.டி.எஸ். மீட்டர் வாங்கச் சொன்னேன். ஆவியாகிப் போன அளவுக்குப் போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், தண்ணீர் போகும், உப்பு தங்கும். மாதக்கணக்கில் சேரச் சேரப் பழைய மீன்கள் பழகிவிடும். கடைத் தண்ணீரிலிருந்து வரும் புது மீன் ஒரே நாளில் அதைத் தாங்காது. எங்கள் மூன்றாவது மாடியில் ஒருவர், கடைக்காரர் நோயுள்ள மீனைத் தருகிறார் என்று நான்கு கடைகள் மாறினார். குழாய்த் தண்ணீர் 900 இருந்தது. அவர் தொட்டியில் மீட்டர் 2,000-த்தைத் தாண்டியது. ஓராண்டாக அவர் ஊற்றியிருக்கிறாரே தவிர, ஒரு வாளிகூட வெளியே எடுத்ததில்லை.

ஒரே நாளில் சரிசெய்யப் போகாதீர்கள். பழகிய மீன் அந்த அதிர்ச்சியில் சாகும். தினமும் பத்தில் ஒரு பங்கு என்று இரண்டு வாரம், போர்வெல் தண்ணீருடன் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து மாற்றுங்கள். அதன்பின் வாரம் 25 சதவீதம். வெறும் ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீரை மட்டும் நிரப்புவது எதிர்ப்பக்கத் தவறு. அதில் கால்சியமும் இருக்காது, பி.எச்.-ஐத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் இருக்காது. ஒருநாள் பி.எச். சரிந்து விழும்.

### வாரத்துக்கு ஒன்று, மெலிந்து, ஒதுங்கி

தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தால் மீனையே உற்றுப் பாருங்கள். கப்பி, மாலியின் கழிவுத் துவாரத்தில் சிவப்பு நூல் போல நீட்டிக்கொண்டிருந்தால் அது கமல்லானஸ் புழு. லெவாமிசோல் என்னும் கால்நடை மருந்துக்குக் கட்டுப்படும், ஆனால் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். எல்லா மீனுக்கும் சேர்த்துப் போட வேண்டும்.

வயிறு ஒட்டி, முதுகு வளைந்து, புண்ணும் வந்து மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் போனால் மீன் காசநோயாக இருக்கலாம். இங்கேதான் வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும். இது நமக்கும் தொற்றக்கூடியது. கையில் கீறல் இருந்தால் உறை போடாமல் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். விரலிலோ முழங்கையிலோ ஆறாத முடிச்சு வந்தால் தோல் மருத்துவரிடம் போய், மீன் தொட்டி வைத்திருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதைச் சொல்லாததால் தவறான மருந்தைத் தின்று நாள் கடத்துவது நடக்கக்கூடியது. மீனுக்கு, மீன்வளம் படித்த நோய் வல்லுநர் வேண்டும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. செத்த மீனைவிட, சாகப்போகும் மீனை அதே தண்ணீரில் கொண்டுபோவது சோதனைக்கு உதவும்.

இதெல்லாம் வராமலிருக்க ஒரே வழி, மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரிலிருந்து வாங்கி வரும் மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைப்பது. ஒரு பெட்டியும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். செய்தவர் என்று எங்கள் ஒன்பது வீட்டில் ஒருவரைத்தான் தெரியும்.

## அறிகுறி: உடம்பில் வெள்ளை

உப்பைத் தூவினாற்போல் தனித்தனிப் புள்ளி. மீன் கல்லில் உரசுகிறது: வெள்ளைப் புள்ளி நோய். மீனின் உடலில் இருக்கும்போது ஒட்டுண்ணியை மருந்து தொடாது. உதிர்ந்து தண்ணீரில் நீந்தும் சின்னஞ்சிறு பருவத்தில்தான் அது சாகும். அதனால்தான் "புள்ளி போய்விட்டது" என்று மூன்றாம் நாள் மருந்தை நிறுத்தியவர்கள் அடுத்த வாரம் மறுபடி படம் அனுப்புகிறார்கள். மெதுவாக, சில மணி நேரத்துக்கு 1 டிகிரி என்று 30 வரை ஏற்றி, காற்றைக் கூட்டுங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்று விரைவாகும். கடைசிப் புள்ளி மறைந்தபின் இன்னும் 7 நாள் அப்படியே வையுங்கள். குறையவில்லையென்றால் மாலகைட் கிரீன் கலந்த மருந்து, டெட்ராக்களுக்குப் பாதி அளவு. இறாலும் நத்தையும் இருந்தால் மருந்துக்கு முன் அவற்றை வேறிடம் மாற்றுங்கள். செடித் தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்டும் வைத்தியம் வேண்டாம். வாலிஸ்னேரியா கரைந்துவிடும்.

வாயைச் சுற்றியோ முதுகிலோ பஞ்சு போல, ஓரம் மஞ்சளாக: இது காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியாவாக இருக்கலாம். மேலே சொன்னதற்கு நேர்மாறு: சூடு ஏற்றினால் இன்னும் வேகமாகக் கொல்லும். மீனைத் தனியே பிரித்து, தொட்டியை 25 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். ஒரே நாளில் இரண்டாவது மீனுக்கும் வந்தால் தாமதிக்காமல் வல்லுநரிடம் பேசுங்கள். மருந்துக் கடையில் மனிதருக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கித் தொட்டியில் கரைத்தால் ஃபில்டரின் பாக்டீரியாவும் சேர்ந்து போகும். அதன்பின் அம்மோனியா தனிக் கதை.

## அறிகுறி: செடிகள் கெடுகின்றன

வாங்கி 2, 3 வாரத்துக்குள் இலை கண்ணாடிபோல் ஆகிக் கரைகிறது: பெரும்பாலான செடிகள் பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவை. பழைய இலையை விட்டுப் புது இலை விடும். கிரிப்டோகோரைன் இடம் மாறினாலே எல்லா இலையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பிடுங்காதீர்கள். வேர் உயிரோடு இருக்கிறது. ஒரு மாதத்தில் தளிர்க்கும். நான் முதல் முறை பிடுங்கி எறிந்துவிட்டேன், அதே செடியை மறுபடியும் காசு கொடுத்து வாங்கினேன்.

ஒரு மாதம் அழகாக நின்று, பிறகு தண்டோடு அழுகுகிறது: அது நீர்ச்செடியே அல்ல. டிரசீனா போன்ற வீட்டுச் செடிகளை மீன் கடைகளில் தண்ணீருக்குள் நிறுத்தி விற்கிறார்கள். தடித்த, மெழுகு பூசியது போன்ற இலையும் வெள்ளைக் கோடுகளும் இருந்தால் சந்தேகப்படுங்கள். எடுத்துப் பூந்தொட்டியில் வையுங்கள், பிழைத்துக்கொள்ளும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் அடியிலிருந்து அழுகுகிறது: தடித்த கிழங்குத் தண்டை மணலுக்குள் புதைத்துவிட்டீர்கள். வெளியே எடுத்து, அழுகிய பகுதியை வெட்டி, நூலால் கல்லில் கட்டுங்கள்.

புதுத் தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சை: இரும்புச் சத்துக் குறைவு. உரக்கடையில் கிடைக்கும் இ.டி.டி.ஏ. இரும்பு நம் கடினத் தண்ணீரில், பி.எச். 7-க்கு மேல், நிலைக்காது. டி.டி.பி.ஏ. வகை இரும்பைக் கேளுங்கள்.

பழைய இலையில் ஊசித் துளைகள்: பொட்டாசியம் போதவில்லை. பொட்டாசியம் சல்பேட் அதே உரக்கடையில் மலிவாகவே கிடைக்கும். பழைய இலை முழுவதும் மஞ்சள்: நைட்ரஜன் குறைவு. ஆனால் அதற்காக யூரியாவையோ டி.ஏ.பி. உருண்டையையோ மணலில் புதைத்துவிடாதீர்கள். அது அம்மோனியாவாக வெளிவந்து, மேலே எழுதிய முதல் அறிகுறிக்கே கொண்டுபோய் நிறுத்தும். ஆற்று மணலில் அமேசான் ஸ்வார்டு போன்ற வேரால் உண்ணும் செடிகளை வைத்திருப்பவர்கள் மீன் தொட்டிக்கென்றே விற்கும் வேர் மாத்திரையை வாங்குவது நல்லது.

## அறிகுறி: பாசி

முதலில் விளக்கு நேரத்தைக் கேட்பேன். "காலையில் எழுந்ததும் போடுவோம், படுக்கும்போது அணைப்போம்" என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. 7 மணி நேரத்துக்கு டைமர் வைத்து மூன்று வாரம் பொறுங்கள்.

அதற்கும் அடங்காதவை மூன்று. புதுத் தொட்டியில் இலைமேல் பழுப்புத் தூசி: துடைத்துக்கொண்டே இருங்கள், இரண்டு மாதத்தில் தானே போய்விடும். நீலப்பச்சை நிறத்தில் விரிப்பு போல் படர்ந்து மண் நாற்றம் அடிப்பது: அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்து, 4 நாள் இருட்டாக்கி, தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டுங்கள். மூன்றாவது, இலை விளிம்பில் கருந்தாடி போல் நிற்பது. கரியமில வாயு ஒருநாள் கூட, ஒருநாள் குறைய என்று ஏறி இறங்கும் தொட்டிகளில் இது வரும். மோசமான இலைகளை வெட்டிவிடுங்கள். மற்றவற்றுக்கு ஃபில்டரை 15 நிமிடம் நிறுத்திவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடை ஊசி இல்லாத சிரிஞ்சால் பாசிமேல் நேராக விடுங்கள். இந்த அளவுத் தொட்டிக்கு 3 சதவீதக் கரைசலில் ஒரு முறைக்கு 10 மில்லிக்கு மேல் வேண்டாம். மருந்துக் கடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். லேபிளைப் பார்த்து, சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். பாசி ஓரிரு நாளில் கருப்பிலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது என்று பொருள்.

நத்தை பெருகுவதும் பலருக்குக் கவலை. நத்தை நோயல்ல, தீனிக் கணக்கு. தீனியைப் பாதியாக்குங்கள், நத்தையும் பாதியாகும்.

## அறிகுறி: தண்ணீரில் கைவைத்தால் சுரீரென்கிறது

மெயின் சுவிட்சை அணைத்தபின் மட்டுமே அடுத்த அடி. ஹீட்டர், பம்ப், விளக்கு மூன்றையும் பிடுங்கி, கண்ணாடி விரிந்திருக்கிறதா, வயர் நைந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமான கருவியைத் தூக்கி எறியுங்கள். ஒட்டுப்போட்டு மறுபடி தண்ணீருக்குள் விடும் சாமானல்ல அது. எல்லா வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி வளைந்து மேலேறும்படி அமையுங்கள். வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்தச் செருகுதுளைக்கு எர்த் சரியாக இருக்கிறதா, வீட்டுப் பலகையில் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும். இது நீங்கள் செய்யும் வேலையல்ல.

## அறிகுறி: தொட்டிக்குக் கீழே ஈரம்

நீர்மட்டத்தில் ஒரு டேப்பை ஒட்டி, கீழே செய்தித்தாள் விரித்துவிட்டு ஓரிரவு காத்திருங்கள். மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 1.8 லிட்டர் போயிருக்கிறது. தாள் காய்ந்திருந்தால் அது ஆவி, விசிறியின் வேலை. தாள் நனைந்திருந்தால் முதலில் ஃபில்டர் குழாய், ஏர் பம்ப் குழாய் வழியாகப் பின்வாங்கும் தண்ணீர், மூடியிலிருந்து வழிவது ஆகியவற்றைப் பாருங்கள். பாதி அழைப்புகள் இங்கேயே முடிகின்றன. ஏர் குழாயில் பத்து, இருபது ரூபாய் ஒருவழி வால்வு ஒன்றைப் போட்டால் போதும்.

மூலை சிலிகானில் கசிந்தால் வெளியிலிருந்து பசை தடவாதீர்கள். பழைய சிலிகான்மேல் புதியது ஒட்டாது. காலி செய்து, முழுக்கச் சுரண்டி, புதிதாகப் பூசி, இரண்டு நாளாவது காயவிட வேண்டும். தொட்டி செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அடிக்கண்ணாடியில் விரிசல் என்றால் அதுவும் வேண்டாம், தொட்டியையே மாற்றுங்கள். போகிற போக்கில் ஸ்டாண்டின்மேல் மட்டக்கோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டு கோணலாக இருந்தால் அடுத்த தொட்டியும் அதே மூலையில்தான் விரியும்.

ஆள் வரும்வரை மீன்கள் மூடிய பெரிய வாளியில், தொட்டியின் பழைய தண்ணீரிலேயே, ஏர் ஸ்டோனுடன் இருக்கலாம். செடிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றி நிழலில் வையுங்கள். ஃபில்டர் பஞ்சையும் மீனுள்ள அதே வாளியில் போட்டு வையுங்கள். காய்ந்துவிட்டால், புதுத் தொட்டியில் மீனை விட்ட சில நாளிலேயே விடியற்காலையில் எனக்குப் படம் அனுப்ப வேண்டியிருக்கும்.